ஒவ்வொருவருக்கும் எழுதியது போல

சிங்காநல்லூரில் ஒரு சிறு கம்பெனி. மருந்து வைக்கும் ஃப்ரிட்ஜில் குளிர் குறைந்தால் கத்தி ஆளைக் கூப்பிடும் சின்னப் பெட்டி ஒன்றை அங்கே செய்தார்கள். டாக்டரின் போனுக்கும் அது தகவல் அனுப்பும். பெட்டி நல்ல பெட்டிதான். அப்படி ஒன்று இருக்கிறது என்பதுதான் டாக்டர்களுக்குத் தெரியவில்லை.

தெரிவிப்பது மின்னஞ்சல் பிரிவின் வேலை. அந்தப் பிரிவுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவர் நிஷா. முப்பதைத் தாண்டி ஓரிரு வயது. பேச்சு குறைவு. கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவார், கூடவே போனவனுக்குத்தான் பதில் கிடைக்கும் என்று ஆபீசில் சொல்வார்கள்.

அவரிடம் கடைசியாகக் கற்க வந்தவர் இருதயராஜ். நிஷாவைவிட நன்றாகவே மூத்தவர். திண்டுக்கல்லில் மெடிக்கல் ரெப்பாகப் பை தூக்கியவர். எந்த டாக்டருக்கு எப்போது பசிக்கும், யார் வீட்டில் யாருக்குப் பரீட்சை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தக் கம்பெனி ஒருநாள் ரெப்புகளை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பிறகு அலைந்து திரிந்து இங்கே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முகம் பார்த்துப் பேசிப் பழகியவருக்கு முகமே இல்லாத மூவாயிரம் பேரைக் கொடுத்தார்கள்.

"ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா உட்கார்ந்து எழுதின மாதிரி இருக்கோணும். ஆனா மூவாயிரமும் போயாகோணும்" என்றார் முதலாளி தெய்வசிகாமணி. "உங்களுக்கு மூணு மாசம் டைம். அதுக்குள்ள பத்து டாக்டராவது நம்ம பெட்டியைப் பார்க்கிறேன்னு சொல்லோணும். இல்லைன்னா நீங்களும் சிரமப்படக்கூடாது, நானும் சிரமப்படக்கூடாது."

மூன்றாவது மாதம் பிறந்திருந்தது. பார்க்கிறேன் என்று சொன்னவர் ஒருவர். அவரும் பிறகு போனை எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் அந்த மென்பொருள் வந்தது. ஆஸ்பத்திரியின் பெயரைக் கொடுத்தால் போதும். இணையத்தில் அதைப் பற்றி இருப்பதையெல்லாம் துழாவி, கடிதத்துக்கு முதல் நான்கு வரியை அதுவே எழுதிவிடும். யாரோ நாள் முழுக்கத் தேடிப் படித்து, மனமுருகி எழுதியது போல இருக்கும். இருதயராஜ் சில கடிதங்களைப் படித்துப் பார்த்தார். தன்னைவிட நன்றாக எழுதுகிறது என்று தோன்றியது. மீதியைப் படிக்கவில்லை. ஒரே சொடுக்கில் முதல் தொகுதி முழுவதும் போயிற்று.

திங்கட்கிழமை காலை ஒரு பதில் வந்திருந்தது.

பதில் என்றதுமே அவர் முகம் மலர்ந்தது. உடுமலையில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. டாக்டர் மங்கையர்க்கரசி எழுதியிருந்தார்.

"என் அப்பா டாக்டர் சௌந்தரபாண்டியனுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து வந்தது. அவர் இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. அவர் சிரித்தால் குழந்தைகளுக்குப் பாதிக் காய்ச்சல் போய்விடும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சிரித்து நீங்கள் எப்போது பார்த்தீர்கள்?"

இருதயராஜ் அதை இரண்டு முறை படித்தார்.

தான் அனுப்பியது என்ன என்று தேடி எடுத்தார். 'உங்கள் சிரிப்பைப் பார்த்தாலே குழந்தைகளுக்குப் பாதிக் காய்ச்சல் பறந்துவிடும் என்று தாய்மார்கள் நெகிழ்கிறார்கள். உங்கள் சேவை இன்னும் பல்லாண்டு தொடர வாழ்த்துகிறேன்' என்று இருந்தது. ஆஸ்பத்திரியின் பக்கத்தைத் திறந்தார். மேலே டாக்டரின் படம். படத்துக்கு மாலை. கீழே தாய்மார்கள் எழுதிய அஞ்சலிகள். மென்பொருள் அந்த அஞ்சலிகளில் இருந்துதான் பொறுக்கியிருக்கிறது.

அப்படியானால் மற்றவை?

ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். மூடிப்போன ஒரு கிளைக்கு வாழ்த்து. பிரிந்துபோன இரண்டு டாக்டர்களின் ஒற்றுமைக்குப் பாராட்டு. தீ விபத்து நடந்த ஆஸ்பத்திரிக்கு 'சமீபத்தில் செய்திகளில் இடம்பெற்றதில் மகிழ்ச்சி.' ஒவ்வொன்றின் கீழும் அவர் பெயர் இருந்தது. ச. இருதயராஜ்.

போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்தாலும் மேசை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் மனைவி ஆரோக்கியமேரி.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்" என்றார். டப்பா திறக்காமல் இருந்தது.

மதியம் முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க இருதயம், ரெண்டாவது செட் நாளைக்குப் போயிருமுங்களா?"

"போயிரும் சார்."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே தெரியவில்லை.

முதலில் அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். நாலு முறை எழுதி நாலு முறை அழித்தார். ஐந்தாவது முறை மென்பொருளையே கேட்டார். அது கண் சிமிட்டும் நேரத்தில் எழுதிக் கொடுத்தது. படித்தபோது குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை அச்செடுத்துக்கொண்டு நிஷாவிடம் போனார்.

நிஷா பொறுமையாகப் படித்தார்.

"நல்லா இருக்கு சார். யாருக்கு?"

"டாக்டர் மங்கையர்க்கரசிக்கு மேடம். அவங்க அப்பா…"

நிஷா பேனாவை எடுத்து மங்கையர்க்கரசி என்ற பெயரை அடித்தார். மேலே வேறு ஏதோ ஒரு பெயரை எழுதினார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

இருதயராஜ் மறுபடி படித்தார். ஒரு வார்த்தைகூட உறுத்தவில்லை. அந்த ஏதோ ஒருவருக்கும் அது அப்படியே பொருந்தியது.

தாளை நாலாக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தார்.

"மேடம், நான் இருபது வருஷத்துக்கு மேல ரெப்பா இருந்தவன். ஒரு டாக்டரைப் பத்தி ஒரு வார்த்தை தப்பாப் பேசினது இல்ல. அப்ப நூறு பேருதான். நூறு பேரையும் தெரியும். இப்ப மூவாயிரம். எல்லாரையும் தெரிஞ்ச மாதிரி எழுதணும்னா பொய்தான் வருது. தெரியாத மாதிரி எழுதினா குப்பையில போடுறாங்க. மூவாயிரம் பேருக்கு, ஒவ்வொருத்தருக்கும் எழுதினதா எப்படி மேடம் எழுதுறது?"

நிஷா எழுந்தார். "டீ குடிச்சிட்டு வரலாம் வாங்க."

ஆபீசுக்கு எதிரே பஸ் ஸ்டாண்டு. நல்ல வெயில். திருச்சிக்கும் மதுரைக்கும் போகிற பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றன. கூட்டம் நிழலைத் தேடி ஒதுங்கியிருந்தது. டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு நிஷா கூட்டத்தைக் காட்டினார்.

"அங்க நிக்கிறவங்கள்ல யாரையாவது உங்க பக்கம் திரும்ப வைங்க சார்."

"எதுக்கு மேடம்?"

நிஷா டீயை ஊதினார்.

இருதயராஜ் சுற்றிலும் பார்த்தார். இந்த வயதில் இது என்ன சோதனை என்று இருந்தது. கோடு போட்ட சட்டைக்காரர் ஒருவர் தோல்பையோடு நின்றிருந்தார். அவரிடம் போய், "அண்ணே, உங்க சட்டை ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

அந்த மனிதர் இவரை மேலும் கீழும் பார்த்தார். பையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. "கண்ணு ரெண்டும் என்ன அழகா இருக்கு பாருங்க" என்றார் இருதயராஜ்.

அந்தப் பெண் பேசாமல் முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

காதெல்லாம் சூடேறித் திரும்பி வந்தார். அதே நேரம் ஒரு கண்டக்டர், டிக்கெட் கட்டைத் தட்டிக்கொண்டு கூட்டத்தை ஊடுருவி நடந்தார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"தாராபுரம், தாராபுரம், தாராபுரம்!"

கோடு போட்ட சட்டைக்காரர் ஓடினார். அந்தப் பெண் குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, "அண்ணா, நில்லுங்கண்ணா, நான் வாறேன்" என்று பின்னால் ஓடினாள். இன்னும் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

இருதயராஜ் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டீ ஆறுது சார்" என்றார் நிஷா.

திரும்பி வரும்போது இருதயராஜுக்குப் பயம் குறையவில்லை, கூடியிருந்தது. கண்டக்டருக்குப் பஸ் இருக்கிறது, தாராபுரம் இருக்கிறது. என்னிடம் என்ன இருக்கிறது? பெட்டி, பெட்டி, பெட்டி என்று கத்தினால் யார் ஓடி வருவார்?

ஆபீசுக்கு வந்ததும் மடித்த தாளை எடுத்துக் கிழித்தார். ஆஸ்பத்திரியின் எண்ணைப் போட்டார். மணி அடிக்க அடிக்க, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தார்.

எடுத்துவிட்டார்கள்.

"டாக்டர், நான் இருதயராஜ்ங்க. அந்த வாழ்த்துக் கடிதம் அனுப்பினவன்."

மறுபக்கம் ஒரு குழந்தை அழும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க அப்பாவை நான் பார்த்ததே இல்லைங்க. அந்தக் கடிதத்தை நான் எழுதவும் இல்ல. ஒரு மெஷின் எழுதிச்சு. படிக்காம அனுப்பிட்டேன். பேர் என்னுது. தப்பும் என்னுதுதான்."

"படிக்கவே இல்லையா?"

"இல்லைங்க."

அந்தக் குரல் சொன்னது, "நான் அதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன். யாரோ அப்பாவுக்குப் பழக்கமானவர்னு நினைச்சு. 'உங்கள் சேவை பல்லாண்டு தொடர'ன்னு வந்த பிறகுதான் நிறுத்தினேன்."

இருதயராஜ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"இனிமே எங்களுக்கு எழுதாதீங்க."

"சரிங்க டாக்டர்."

போன் வைக்கப்பட்டது. மூவாயிரம் பேரிலிருந்து அந்த ஒரு முகவரியை அவர் எடுத்துப் போட்டார். எடுத்த பிறகும் அது கண்ணுக்கு முன்னால் நின்றது.

மறுநாள் முதலாளி வந்தபோது இரண்டாவது தொகுதி போகவில்லை.

"நிறுத்தி வெச்சிருக்கேன் சார்."

"நிஷா நிறுத்தச் சொல்லுச்சா?"

"இல்லைங்க. நான்தான்."

தெய்வசிகாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுகிறவர் இல்லை அவர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "அது என்னவோ தப்பு பண்ணிருச்சுங்க, ஒத்துக்கறேன். மூவாயிரத்துல நாலஞ்சு அப்படித்தான் ஆகும். அதுக்குன்னு கடையைச் சாத்திட்டு உட்கார முடியுமுங்களா? மூணாவது மாசம் ஓடிட்டிருக்கு இருதயம். எனக்கு உங்களைப் பிடிக்கும். ஆனா பிடிக்குங்கறதுக்காக வெச்சுக்க முடியாது."

"தெரியும் சார்."

"அப்புறம் என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல சார்."

அவர் எழுந்து போன பிறகு இருதயராஜ் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன எழுதுவது? வணக்கம் என்று அடித்தார். அதற்கு மேல் போகவில்லை. சட்டைக் காலர் வியர்வையில் நனைந்து கழுத்தில் ஒட்டியது. வீட்டில் என்ன சொல்வது என்று மனம் அதன்பாட்டுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

பட்டென்று மின்விசிறி நின்றது. திரை அணைந்தது.

"இன்னைக்கு ஷட்டவுனுங்க" என்றது ஒரு குரல். "பேப்பர்லயே போட்டிருந்தாங்களே, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், சுத்துவட்டாரம் பூரா."

"முன்னாடியே சொல்லியிருந்தா நான் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டிருப்பேன்ல?" என்றது இன்னொரு குரல்.

எல்லோரும் முனகிக்கொண்டே வெளியே போனார்கள். இருதயராஜ் மட்டும் எழுந்திருக்கவில்லை.  பிறகு எழுந்து, வரவேற்பறையில் கிடந்த நாளிதழை எடுத்து ஜன்னல் பக்கம் போய் விரித்தார். இன்றைய மின்தடை. நாளைய மின்தடை. வியாழக்கிழமை திருப்பூர்ப் பக்கம் சில தெருக்கள், பேர் பேராகப் போட்டிருந்தது.

மின்சாரம் வந்ததும் எழுதினார். இந்த முறை நிற்காமல் வந்தது. எழுதியதை எடுத்துக்கொண்டு போய் நிஷாவிடம் நீட்டினார்.

'வணக்கம் டாக்டர். தாங்கள் ஆற்றிவரும் தன்னலமற்ற சேவைக்குத் தலைவணங்குகிறேன். வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து மாலை வரை பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படுகிறது. தடுப்பூசி வைத்திருக்கும் ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் இணைப்பு இருக்கிறதா என்று அதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர் குறைந்தால் உங்கள் போனுக்கு எச்சரிக்கை அனுப்பும் கருவி எங்களிடம் இருக்கிறது. சொன்னால் வந்து பொருத்திக் காட்டுவேன். கருவி வேண்டாம் என்றாலும் ஃப்ரிட்ஜை மட்டும் பார்த்துவிடுங்கள்.'

நிஷா படித்தார். பேனாவை எடுத்தார். தலைவணங்கிய வரியை அடித்தார். தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"மரியாதைக்குப் போட்டேன் மேடம்."

"ஃப்ரிட்ஜைப் பார்க்கச் சொன்னீங்களே, அது மரியாதை இல்லையா சார்?"

இருதயராஜ் தாளை வாங்கிக்கொண்டார்.

அந்தத் தெருக்களில் இருந்த ஆஸ்பத்திரிகளையும் கிளினிக்குகளையும் மட்டும் பிரித்தெடுத்தார். மூவாயிரத்தில் நாற்பதுதான் தேறியது. அனுப்பிவிட்டார். மூவாயிரம் அனுப்பச் சொன்ன இடத்தில் நாற்பது. முதலாளி பார்த்தால் அன்றைக்கே கணக்கு முடிந்தது.

முதலாளி பார்த்தார். "நாப்பதுங்களா?" என்று மட்டும் கேட்டார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் வரை ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலையும் ஒன்றும் இல்லை. இருதயராஜ் தண்ணீர் குடிக்கப் போவதும் வருவதுமாக இருந்தார். மதியத்துக்கு மேல் ஒன்று வந்தது. 'எங்கள் ஃப்ரிட்ஜ் இன்வெர்ட்டரில் இல்லை, நல்லவேளை சொன்னீர்கள்.' பிறகு இன்னொன்று. 'உங்கள் கருவியை எப்போது பார்க்கலாம்?' அடுத்து ஒரு போன். பேசியவர் திருப்பூர் அவிநாசி ரோட்டில் கிளினிக் வைத்திருக்கும் வயதான டாக்டர்.

"ஏனுங்க, இது எனக்குன்னே எழுதினதுங்களா? நம்மகிட்ட இன்வெர்ட்டர் ரிப்பேர்னு உங்களுக்கு யார் சொன்னா?"

இருதயராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம் என்று சொல்ல வாய் எடுத்தார். நிறுத்திக்கொண்டார். "கொஞ்சம் பொறுங்க டாக்டர், நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டு நிஷாவிடம் ஓடினார்.

"மேடம், அவருக்குன்னே எழுதினதான்னு கேக்குறார். நாற்பது பேருக்கும் ஒரே கடிதம். பேர்தான் மாறுது. ஆமாம்னா பொய். இல்லைன்னா மனசு விட்டுப்போயிரும். என்ன சொல்றது?"

"வியாழக்கிழமை அவருக்குக் கரண்ட் போகுதா சார்?"

"போகுது."

நிஷா தன் வேலையைப் பார்க்கத் திரும்பினார்.

இருதயராஜ் டாக்டரைக் கூப்பிட்டார். "வியாழக்கிழமை கரண்ட் போற தெருவுல இருக்கிற எல்லா டாக்டருக்கும் எழுதினதுங்க. உங்களுக்கும்தான்" என்றார்.

"அது போதுமுங்க. ஆளை அனுப்புங்க" என்றார் அவர்.

அந்த வாரம் இருதயராஜிடம் ஆறு பேர் கருவியைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். முதலாளி போகிற போக்கில் நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அது நல்லதா கெட்டதா என்று இருதயராஜுக்குப் புரியவில்லை. இன்னும் நாலு பேர் வேண்டும்.

அடுத்த மின்தடை அறிவிப்பு வந்தது. உடுமலை.

தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவரின் விரல் ஓரிடத்தில் நின்றது. மங்கையர்க்கரசியின் ஆஸ்பத்திரி இருக்கும் தெரு.

மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் போயிற்று. அந்த ஒன்றை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுதாதீர்கள் என்று சொல்லிவிட்டார். சரி என்று வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் அது குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஃப்ரிட்ஜ் நிறையத் தடுப்பூசி இருக்கும். அப்பா இருந்தவரை அவர் பார்த்திருப்பார். இப்போது யார் பார்ப்பார்கள்? யாராவது பார்ப்பார்கள். பார்க்காவிட்டால்? சூடேறிப் பலன் போன ஊசி வெளியே பார்க்க ஒரு மாற்றமும் இல்லாமல்தான் இருக்கும். அதைக் குழந்தைக்குப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

சோறு இறங்கவில்லை. நிஷாவின் மேசைக்குப் போய் நின்றார்.

"எழுதாதீங்கன்னு சொன்னாங்க மேடம்."

"எழுதாதீங்க."

"ஃப்ரிட்ஜ்ல தடுப்பூசி இருக்குமே."

நிஷா நிமிர்ந்து பார்த்தார்.

"போன் பண்ணலாமா? எழுதாதீங்கன்னுதான் சொன்னாங்க, பேசாதீங்கன்னு சொல்லலன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டா, அதுவும் ஏமாத்துற வேலைதான்."

"விக்கிறதுக்காகவா சார் கூப்பிடப் போறீங்க?"

இருதயராஜ் யோசித்தார். இல்லை என்று சொல்லிவிடலாம். நிஷா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாதி அதுவும் இருக்கும் மேடம். இன்னும் நாலு பேர் வேணும் எனக்கு."

"அந்தப் பாதியை இங்க வெச்சிட்டுப் போய்ப் பேசுங்க."

அவர் படியிறங்கி வாசலுக்குப் போனார். வெயிலில் நின்றுகொண்டு எண்ணைப் போட்டார். இந்த முறை உடனே எடுத்தார்கள்.

"டாக்டர், அன்னைக்குப் பேசின இருதயராஜ்ங்க."

"எழுதாதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. நான் எதையும் விக்க வரலைங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணியில இருந்து சாயங்காலம் வரைக்கும் உங்க தெருவுல கரண்ட் இருக்காது. ஊசி வெச்சிருக்கிற ஃப்ரிட்ஜை மட்டும் பார்த்துக்கங்க. அவ்வளவுதான். வெச்சிடுறேன்."

"இருங்க."

 லைனில் இருக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்கவும் பயம், பேசவும் பயம்.

"அப்பாதான் பேப்பர்ல பார்த்துக் காலண்டர்ல வட்டம் போட்டு வைப்பார்" என்றது அந்தக் குரல். "எங்களுக்கு அதெல்லாம் தெரியவே தெரியாது. வட்டம் இருந்தா முந்தின நாள் ராத்திரியே ஐஸ் வெச்சிருவோம். இந்த மாசம் வட்டமே இல்ல. நாங்களும் கரண்ட் போகாதுன்னு இருந்துட்டோம்."

இருதயராஜ் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எத்தனை மணின்னு சொன்னீங்க?"

"ஒன்பதுங்க. கரண்ட் வர்றதுக்குச் சாயங்காலம் நாலஞ்சு மணி ஆகிரும். கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கலாம், அதனால எட்டரைக்கே ஊசியை ஐஸ்ல எடுத்து வெச்சிருங்க."

"சரி."

போன் வைக்கப்பட்டது. நன்றி என்று அவர் சொல்லவில்லை. கருவியைப் பற்றிக் கேட்கவில்லை. இருதயராஜும் சொல்லவில்லை.

படியேறினார். நிஷாவின் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில், கேட்காமலே உட்கார்ந்தார்.

"பேசிட்டேன் மேடம்."

நிஷா தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். குடித்தார்.  பழைய பயம் வேறு வடிவத்தில் வந்து உட்கார்ந்தது.

"இந்த ஒருத்தங்களுக்குச் சொல்றதுக்கே எனக்குப் பாதி நாள் போயிருச்சு மேடம். மூச்சும் போயிருச்சு. இன்னும் அத்தனை ஆயிரம் பேர் இருக்காங்க. எல்லாருக்கும் எப்படி மேடம் முடியும்?"

நிஷா நாளிதழை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

"அடுத்து எந்த ஊர்ல சார் கரண்ட் போகுது?"